அரைவட்டக் கறை

ஞானராஜுக்கு உட்காரத் தெரியாது. கல்யாணப் பந்தியில் பாதி இலையோடு எழுந்து, மண்டபத்துத் தரையில் எந்த ஜாயின்ட் வாய் பிளந்திருக்கிறது என்று பார்க்கப் போய்விடுவார். கோயிலில் பூசை நடக்கும்போதும் பார்வை காலடியில்தான். இருபத்திரண்டு வருஷமாகத் திண்டுக்கல்லில் வினைல் தரை விரிக்கிறவர். "மனுசங்க மூஞ்சியப் பாத்துப் பேசுங்க" என்று சொல்லிச் சொல்லி மனைவி ஐரினுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

தொழிலில் ஆள் கெட்டி. பையில் எப்போதும் ஒரு சாம்பிள் துண்டு இருக்கும். அதில் மஞ்சள் தண்ணீர், டிஞ்சர், வினிகர் எல்லாம் ஊற்றி, ஒரு டீ குடித்து முடித்துவிட்டு ஈரத்துணியால் ஒரே இழுப்பு. "பாத்தீகளா? எதக் கொட்டுனாலும் கறை பிடிக்காது" என்பார். வேலை முடிந்ததும் தன் சார்பில் வாசலுக்கு உள்பக்கம் புதுத் தரைமேல் அரைவட்டமாக ஒரு கறுப்பு ரப்பர் மேட் போட்டுவிட்டுத்தான் கிளம்புவார். நல்ல காரியத்துக்கு வெறுங்கையோடு போகலாமா என்று அதற்கு ஒரு நியாயம் வேறு.

வத்தலக்குண்டு ரோட்டில் ரத்தப் பரிசோதனை லேப் நடத்தும் சகாயசெல்வி ஒரு வியாழக்கிழமை கூப்பிட்டாள். அவர் விரித்து ஒரு வருஷம்கூட ஆகாத தரை. போய்ப் பார்த்தால், கதவுக்குப் பக்கத்தில் பழுப்பு மஞ்சளாக அரைவட்டத்தில் ஒரு கறை படர்ந்திருந்தது. சோப்பு, ஸ்பிரிட், மண்ணெண்ணெய் எதற்கும் அசையவில்லை.

"எதுவும் பிடிக்காதுன்னு சொன்னீங்களேண்ணே" என்றாள்.

ஞானராஜுக்குச் சுருக்கென்றது. "அசிட்டோன் வச்சிருக்கீகள்ல? அது ஒண்ணுதான் வினைலத் தின்னும். தொடைக்கிற பிள்ள கொட்டிட்டுச் சொல்லாம விட்டிருக்கும்."

மாப் குச்சியோடு அங்கேயே நின்ற கௌசல்யா, "நான் எதையும் கொட்டலண்ணே" என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. விரலால் கறையைத் தடவிக்கொண்டிருந்தார். அசிட்டோன் பட்டால் தரை இளகிச் சொரசொரத்திருக்கும். இதுவோ வழவழவென்று இருந்தது. கைக்குத் தெரிந்தது, வாய் முந்திக்கொண்டது.

மறுநாளிலிருந்து கௌசல்யா வேலைக்கு வர வேண்டாம் என்றாகிவிட்டது.

வீட்டில் ஞானராஜுக்கு இருப்புக்கொள்ளவில்லை. டிவியைப் போட்டார், அணைத்தார். வண்டிச் சாவியை எடுத்தார், வைத்தார். ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறுகூட இறங்கவில்லை. கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்ததில் அடுப்படி வாசலில் வினைல்மேல் அவரே போட்டிருந்த ரப்பர் மேட்டைக் கால் தட்டி ஓரத்தில் தள்ளியது. அதற்கடியில் அதே பழுப்பு மஞ்சள். அதே அரைவட்டம்.

லேப்பில் அவர் போட்ட மேட்டை வெளியே செருப்பு விடும் இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். அதனால்தான் யாருக்கும் தட்டுப்படவில்லை.

"இங்க அசிட்டோன யாரு கொட்டுனாங்களாம்?" என்றாள், லேப் கதையைக் கேட்டிருந்த ஐரின் பின்னால் வந்து நின்று. "ரெண்டு வருசமாத் தேய்க்கிறேன். மஞ்சத்தண்ணியக் கொட்டிட்டேன்னு ஒங்ககிட்ட எம்புட்டு ஏச்சு வாங்கியிருப்பேன்."

மாடியில் பிரிக்காமல் கிடந்த வினைல் ரோலின் உறையைப் போய்ப் படித்தார். ரப்பர் மேட் போடக் கூடாது, அதிலிருந்து இறங்கும் கறை போகாது என்று அதில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அந்த உறையைக் கிழித்து எறிந்ததோடு சரி. இனி எத்தனை வீட்டு வாசலில் போய் மேட்டைத் தூக்குவது? ஊர் சிரிக்கும். சொல்லாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால், "நான் எதையும் கொட்டலண்ணே" என்ற குரல் காதை விட்டுப் போகவில்லை.

திங்கட்கிழமை லேப் திறக்கும்போதே போய் நின்றார். சகாயசெல்வி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "ஒங்க வாயால கெட்டது. நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

சின்னாளப்பட்டியில் ஒரு சந்துக்குள் கௌசல்யாவின் வீடு. வாசலில் நின்றே விஷயத்தைச் சொல்லி, "வேலைக்கு வாம்மா, அவுக வரச் சொல்லிட்டாக" என்றார்.

அவள் நகரவில்லை.

"வாரேன். அதுக்கு முன்னாடி உள்ள வந்து எங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லுங்க. தப்புப் பண்ணாமயா நிப்பாட்டுவாகன்னு கேட்டாரு. நாலு நாளா நான் சொன்னத அவர் நம்பல."

சிமெண்டுத் தரையில் அவள் கணவர் ஆண்டிச்சாமி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஞானராஜின் கண் பழக்கத்தில் தரைக்குப் போனது. பிறகு அவருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முகத்தைப் பார்த்தார்.

"ஒங்க சம்சாரம் எதையும் கொட்டலங்க. கறைய வச்சது நான்."