ஒன்றரை மணி நேர மணல் திட்டு

என்னிடமிருந்து தப்பித்து ஓடத்தான் என் தங்கை திட்டம் போட்டாள். வேறு யாரிடமிருந்தும் இல்லை. முப்பத்தெட்டு வயசு, இரண்டு பிள்ளைகள், பேருந்து நிலையத்தில் நிரந்தர வேலை. இந்த உலகத்தில் அவளைத் தடுக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இதைச் சொல்லாமல் அவள் கதையை ஆரம்பிக்க முடியாது.

வீட்டில் அவளுக்குப் பெயர் சின்னது. பிறந்தபோது ஒட்டிக்கொண்டது, இன்றுவரை போகவில்லை. கீழே நான், முன்னறையில் என் தையல் கடை. மாடியில் அவளும் பிள்ளைகளும். மூத்தது பதினோரு வயசுப் பெண். பேச்சைக் கேட்டால் ஐம்பது வயசு சொல்லலாம், அதனால் அவள் பெரிய மனுஷி. இளையவனுக்கு ஆறு வயசு. அவன் வால்.

பஸ்ஸில் ஜனங்கள் மறந்துவிட்டுப் போகும் பொருள்களைப் பாதுகாக்கும் அறையில்தான் சின்னதுக்கு வேலை. குடை, மூக்குக்கண்ணாடி, ஒற்றைச் செருப்பு, பல்செட், ஒரு தடவை ஒரு முழு ஜன்னல் கதவு. ஒவ்வொன்றிலும் நூலால் ஓர் அட்டையைக் கட்டி, எந்த பஸ், எந்த இருக்கை என்று எழுதி அடுக்குவாள். ஒரு வருஷம் ஆகும்வரை எதையும் போனது போனதுதான் என்று சொல்ல மாட்டாள். "வருவாங்கக்கா. நேரமாகும், ஆனா வருவாங்க" என்பாள். மேல் ஜன்னலிலிருந்து விழுகிற வெயிலில், அத்தனை குடைகளுக்கு நடுவே அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், அவளையும் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல் எனக்குத் தோன்றும்.

போனவன் யாரென்று எனக்குத் தெரியாதா. அவனைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தவளே நான்தான். நல்ல வேலை, நல்ல குடும்பம், நல்ல உயரம் என்று நானே மதிப்பெண் போட்டேன். நானூறு பேருக்கு அழைப்பு, வாடகைக்கு ஒரு பெரிய கூடம், விளக்கு, பாட்டு, எல்லாம் என் ஏற்பாடு. கல்யாண உடுப்பையும் நானே தைத்தேன். போட்டுப் பார்க்கும்போது அவள் கண்ணாடி முன்னால் நின்று, "எங்கேயோ இறுக்குதுக்கா" என்றாள். என் வாயில் குண்டூசி, தலைக்குள் நானூறு பேர். "போகப் போக இளகிடும், அசையாம நில்லு" என்றேன்.

அவள் துணியைச் சொல்லவில்லை என்பது எனக்கு உறைக்க ஆறு வருஷம் ஆனது. அதற்குள் அவன் வேறோர் ஊரில் வேறொரு வீடு வைத்துக்கொண்டான். வால் அப்போது வயிற்றில். சின்னது என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

பல வருஷம் கழித்து வந்தவர் நெட்டை. ஆறு கடலில் சேரும் இடத்தில் ஆட்களை இக்கரைக்கும் அக்கரைக்கும் ஏற்றி இறக்கும் மோட்டார் படகு அவருடையது. நிலைவாசலில் குனிந்து நுழைகிற உயரம், அதிகம் பேசாத வாய். சின்னதின் அறைக்கு மூன்று தடவை வந்தார். முதல் தடவை உண்மையாகவே டார்ச் லைட்டைத் தொலைத்திருந்தார். இரண்டாம் தடவை ஒரு கைக்குட்டை. மூன்றாம் தடவை என்ன தொலைந்தது என்று கேட்டதற்கு ரொம்ப நேரம் யோசித்து, "ஞாபகம் இல்லைங்க, நீங்களே பார்த்து ஏதாவது குடுங்க" என்றாராம்.

இதைச் சொல்லிச் சின்னது சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது. நான் என்ன செய்தேன்? "படகு சொந்தமா, வாடகையா? கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?" என்று விசாரணையை ஆரம்பித்தேன். அன்றோடு அவர் பேச்சை என்னிடம் எடுப்பதை நிறுத்திவிட்டாள். நானும் விட்டது சனி என்று இருந்தேன்.

பிறகு ஒரு புதன்கிழமை சாயங்காலம், பெரிய மனுஷி ஒரு பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி கடைக்குள் வந்தாள். பைக்குள் ஒரு கவுன். ஈர மணல் நிறம். தைத்த கை என்னுடையது இல்லை. வேறு கடையில் தைத்த உடுப்பு எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. எனக்குச் சுருக்கென்றது.

"கையைத் தூக்கினா அக்குள்ல இழுக்குது பெரியம்மா. அம்மா ஊக்கு குத்திக்கலாம்னு சொல்லிட்டாங்க. உங்ககிட்ட வந்தது அவங்களுக்குத் தெரியாது."

என் கடையில் ஒரு வழக்கம் உண்டு. துணியைத் தொடுவதற்கு முன் கேள்வி கேட்பேன். கலெக்டர் வந்தாலும் கேட்பேன். பெரிய மனுஷி என் மெஷினுக்கு அடியில் தவழ்ந்தபோதே அந்தக் கேள்விகளைக் கேட்டு வளர்ந்தவள். உலகத்தில் யாரிடமும் அவளுக்குப் பொய் சொல்ல வரும், அளவெடுக்கிறவளிடம் மட்டும் வராது.

"எதுக்குப் போடறது?"

"ஸ்கூல் விழாவுக்கு." இது தயாராக வைத்திருந்த பதில். கண் கூரையைப் பார்த்தது.

நான் அளவு நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

"வெயில்லயா, நிழல்லயா?"

"வெயில். ஆனா காலை வெயில்."

"நிக்கணுமா, உக்காரணுமா?"

"போறப்ப உக்காரணும். அங்க போனா நிக்கணும். அங்க உக்கார ஒண்ணுமே இல்ல, வெறும் மணல்தான்."

"எவ்வளவு நேரம்?"

"ஒன்றரை மணி நேரம். அதுக்கு மேல தண்ணி வந்துடும்."

"ஏன் இவ்வளவு குட்டையா தைச்சிருக்கு?"

"இறங்கறப்ப நனையக் கூடாதுல்ல."

"கையைத் தூக்கற வேலை இருக்கா?"

"இருக்கு. தம்பி படகுலேர்ந்து குதிப்பான், நான் பிடிக்கணும். அப்புறம் நெட்டை அங்கிளும் அம்மாவும் மோதிரம் மாத்தறப்ப..."

அங்கே நின்றுவிட்டாள். 

"என்னைக்கு வேணும்?" என்றேன்.

"இந்த ஞாயிறு இல்ல, அடுத்த ஞாயிறு." கண் இப்போது தரையைப் பார்த்தது. "பெரியம்மா, நான் எதுவும் சொல்லலல்ல?"

"நீ அளவு சொன்னே. வேற என்ன சொன்னே?"

அவள் போன பிறகு கோபம் வந்தது. மாடிப்படியில் நாலு படி ஏறுவேன், நாலு படி இறங்குவேன். ஓடிப்போகிறவர்கள் யாராவது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, கவுன் தைத்துக்கொண்டு, காலை வெயில் பார்த்து ஓடுவார்களா? சாயங்காலமானால் மாடியில் மூன்று பேரும் கூடிக் கூடிப் பேசுவது கீழே கேட்கும். வால் மட்டும் சத்தமாக, "நான் நங்கூரக் கயிறு பிடிப்பேன், நான்தான் பிடிப்பேன்" என்பான். உடனே "உஷ்ஷ்" என்று இரண்டு குரல். காதும் காதும் வைத்த மாதிரி காரியம் செய்கிற லட்சணம் அது.

சனிக்கிழமை காலை காய்கறிக்குப் போகிறவள்போல் பையோடு ஆறு கடலில் சேரும் கரைக்குப் போனேன். எனக்குத் தண்ணீர் என்றால் பயம். வாளித் தண்ணீரைக்கூடக் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்ப்பேன். கரைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடல் மெல்ல உள்வாங்கியது. நடுவில் ஓரிடத்தில் முதலில் தண்ணீரின் நிறம் மாறியது, பிறகு ஒரு கோடு தெரிந்தது. கோடு பாய் அளவானது, அறை அளவானது, ஒரு வீட்டு முற்றம் அளவானது. யார் காலும் படாத மணல், அப்போதுதான் கண்ணைத் திறந்து பார்ப்பதுபோல் கிடந்தது. சுற்றிலும் தண்ணீர் சத்தமே இல்லாமல் அமைதியாக இருந்தது. வாசல் இல்லை, கூடம் இல்லை, உட்கார்ந்து குறை சொல்ல நாற்காலி இல்லை. என்னால் எதையும் ஏற்பாடு செய்ய முடியாத ஓர் இடத்தைத் தேடிப் பிடித்திருக்கிறாள் என்று புரிந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த இடம் எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று.

அதற்குப் பிறகு மெஷினில் உட்கார்ந்தால் அந்தத் திட்டுதான் கண்ணில் நிற்கும். பெடலை மிதித்துக்கொண்டே அந்த மணலில் நடப்பேன். கால் நனையாது, பயமும் இருக்காது. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அங்கே எனக்கும் ஓர் அடி இடம் உண்டா? கேட்டால் போச்சு. கேட்டால் மனசு இரங்கிக் கூப்பிடுவாள், கல்யாணம் மறுபடி என்னுடையதாகிவிடும். அவளாகக் கூப்பிட வேண்டும், இல்லையென்றால் நான் வாயை மூடிக்கொண்டு வீட்டில் கிடக்க வேண்டும்.

கவுனின் அக்குளைப் பிரித்து, உள்மடிப்பில் மிச்சமிருந்த துணியில் சின்னதாக ஒரு சதுரம் வெட்டி, முனை மேலே பார்க்கிறபடி வைத்துத் தைத்தேன். கையை எவ்வளவு தூக்கினாலும் உடுப்பு கூடவே ஏறாது. இந்தப் பக்கத்தில் இப்படித் துண்டு வைக்கிற ஆள் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. அது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் சின்னது எங்கள் கேட்டை மெதுவாகத் திறந்து திறந்து மூடிப் பார்த்தாள். எவ்வளவு மெதுவாகத் திறந்தாலும் அது தெருவே எழுந்திருக்கிற மாதிரி கத்தியது. உதட்டைக் கடித்துக்கொண்டு மேலே போனாள். நான் மெஷின் எண்ணெயை எடுத்துப் போய்க் கீலில் விட்டுத் துடைத்துவிட்டு வந்தேன்.

ஞாயிறு விடிந்தபோது கண்ணை மூடிப் படுத்திருந்தேன். மூன்று ஜோடிக் கால்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கின. வாலின் கால் மட்டும் ஒரு தடவை மறந்து தொம்மென்றது. கேட் திறந்ததே தெரியவில்லை. எழுந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டேன். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. அழுதேன், அவ்வளவுதான்.

படகில் நடந்ததைப் பெரிய மனுஷி பிறகு சொன்னாள். பாதித் தூரம் போயிருந்தார்களாம். திட்டு முழுதாக வெளியே வந்து மினுங்கிக்கொண்டிருந்ததாம். வால் எழுந்து நின்று ஆட, பெரிய மனுஷி இரண்டு கையையும் தூக்கி அவனைப் பிடித்திருக்கிறாள். ஊக்கோடு தயாராக இருந்த சின்னது, உடுப்பு இழுக்காததைப் பார்த்து, மகளின் அக்குளைத் திருப்பிப் பார்த்தாள்.

"பெரியம்மாகிட்டயா போனே?"

"ம்."

"என்ன சொன்னே?"

"அளவு கேட்டாங்க. சொன்னேன்."

அளவு என்றால் என்னென்ன கேள்வி என்று சின்னதுக்குத் தெரியாதா. "எப்போ?"

"போன புதனுக்கு முந்தின புதன்."

சின்னது திரும்பிக் கரைப் பக்கம் பார்த்தாளாம். பிறகு, "இன்னைக்குக் கேட் கத்தவே இல்ல" என்றாளாம். பதினோரு நாள். பத்து நிமிஷம்கூட ஒரு விஷயத்தை வயிற்றில் வைத்திருக்கத் தெரியாதவள் நான்.

"படகைத் திருப்புங்க" என்றாள்.

நெட்டை திட்டைப் பார்த்தார். "திருப்பினா இது நமக்குக் கிடைக்காது."

"தெரியும்."

அவர் வேறு எதுவும் கேட்காமல் திருப்பினார்.

கேட் சத்தம் போடாததால், சின்னது அறை வாசலில் வந்து நின்றபோதுதான் நான் நிமிர்ந்தேன்.

"செருப்பைப் போட்டுக்கிட்டு வாக்கா."

"எங்கே?"

"அளவெல்லாம் எடுத்தவளுக்கு எங்கேன்னு தெரியாதா?"

"எனக்குத் தண்ணின்னா பயம்டி."

"தெரியும். அதனாலதான் அந்த இடம்." சொல்லிவிட்டு அவளே தலையைக் குனிந்துகொண்டாள். "வாக்கா, நேரமாகுது."

படகில் நான் கண்ணை மூடிக்கொண்டு பெரிய மனுஷியின் கையை நசுக்கினேன். திறந்தபோது திட்டு இல்லை. அது இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது. நெட்டை முதலில் குதித்தார். கணுக்கால் மூழ்கியது. ஒவ்வொருவரையும் தூக்கி இறக்கினார், என்னையும்.  காலுக்கடியில் மணல் இருந்தது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. வால் நங்கூரக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

சட்டத்துக்கான கையெழுத்து அடுத்த வாரம் அலுவலகத்தில். இங்கே பேச்சு மட்டும்தான். யார் முதலில் பேசுவது என்று எழுதிக் கொண்டுவந்திருந்த நோட்டைப் பெரிய மனுஷி திறந்து, "முதல்ல அங்கிள்" என்றாள்.

நெட்டை தொண்டையைச் செருமினார். "எனக்கு நிறையப் பேச வராது. தினமும் சாயங்காலம் வந்துடுவேன். தண்ணி எப்படி இருந்தாலும் வந்துடுவேன்."

"என்கிட்டயும்தானே?" என்றான் வால்.

"உன்கிட்டயும்தான்டா."

 வருஷக்கணக்காக அட்டை கட்டி வைத்துக் காத்திருந்தவளிடம் ஒருவர் வந்துவிடுவேன் என்கிறார். சின்னது தலையை மட்டும் ஆட்டினாள். மோதிரம் மாற்றினார்கள். பெரிய மனுஷி இரண்டு கையையும் தூக்கித் தட்டினாள். உடுப்பு அசையவில்லை.

"நீ ஏதாவது சொல்லுக்கா" என்றாள் சின்னது.

முதல் கல்யாணத்தில் நானூறு பேரிடமும் தனித்தனியாகப் பேசியவள் நான். இப்போது கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு அவள் முன்னால் போய், போட்டுப் பார்க்கும்போது பிடிப்பதுபோல் இரண்டு தோளையும் பிடித்தேன்.

"எங்கேயாவது இறுக்குதாடி?"

 நான் காத்திருந்தேன். அவரைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், கயிறோடு நிற்கிறவனைப் பார்த்தாள். ஒரு தடவை நன்றாக மூச்சை இழுத்து விட்டாள்.

"இல்லக்கா. எங்கேயும் இறுக்கல."

நான் அவள் தோளிலேயே சாய்ந்து அழுதுவிட்டேன்.

"பெரியம்மா ஏன் அழறாங்க? அளவு தப்பாயிடுச்சா?" என்றான் வால்.

"சரியா இருக்குடா" என்றாள் பெரிய மனுஷி.

தண்ணீர் முழங்காலைத் தொட்டபோதுதான் எனக்குத் தண்ணீர் என்றால் பயம் என்பது ஞாபகம் வந்தது.