இடது மட்கார்டு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இருபது வருடம் தொழிற்சாலையில் இரும்போடு கிடந்தவன். இரும்பை அடித்தால் வளையும், காய்ச்சினால் இளகும், அதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது என்று இருந்தவன். நீங்களும் அப்படித்தான் என்றால் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை.

எண்பதுகளின் கடைசி. கீழ்க்கட்டளையில் வீடு கட்டிக் குடிவந்த புதிது. அண்ணன் மேடவாக்கத்தில் இருந்தார். பரம்பரை நிலம், கோயில் கமிட்டித் தலைவர், தெருவில் நடந்தால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். அப்பா காலத்துக் கறுப்புக் கார் ஒன்று அவர் கொட்டகையில் பல வருடமாக ஓடாமல் கிடந்தது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே அதன்மேல் ஆசை. ஒரு நாள் திடீரென்று, எடுத்துக்கொண்டு போ என்றார். ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: இடது மட்கார்டில் பட்டி பூசியிருக்கிறது, அதை நோண்டாதே, அதன் மேலேயே பெயிண்ட் அடித்துவிடு.

நோண்டாமல் எப்படி? பட்டி வெடித்து உள்ளே துரு ஏறியிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்க விரல் கனத்துக்குப் பெயர்ந்து வந்தது. அடியில் பெரிய பள்ளம். சுவரிலோ கல்லிலோ இடித்திருந்தால் கீறல் இருக்கும். இதில் ஒரு கீறல் இல்லை, தலையணையில் யாரோ படுத்து எழுந்த மாதிரி உள்வாங்கியிருந்தது.

டிங்கரிங் வேலைக்குப் பல்லாவரத்திலிருந்து கபாலி ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். பள்ளம் எடுக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவன் உள்ளே படுத்து சுத்தியலால் தட்ட, மற்றவன் வெளியிலிருந்து இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தகடு புடைத்துக்கொண்டுவிடும். அன்று சக்கரத்தைக் கழற்றிவிட்டு நான்தான் உள்ளே படுத்துத் தட்டினேன். மத்தியானம், நல்ல வெயில். மனைவி குழந்தைகளோடு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். பத்து நிமிடம் தட்டியிருப்பேன், வெளியில் பிடித்த பிடி அசையவே இல்லை, இவ்வளவு நன்றாகக் கபாலி என்றுமே பிடித்ததில்லை என்றுகூட நினைத்தேன். நம்பினால் நம்புங்கள், வெளியே வந்து பார்த்தால் ஆளே இல்லை. இரும்புக் கட்டை காம்பவுண்டு சுவர்மேல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் கேட்டைத் திறந்துகொண்டு கபாலி வந்தான். கையில் மூன்று கிளாஸ் டீ.

"மூணு எதுக்குடா?"

"அந்தம்மாவுக்கும் சேத்துதான் சார். எங்க, பூட்ச்சா?"

எந்த அம்மா என்று கேட்டேன்.

"நான் டீ வாங்கக் கெளம்ப சொல்ல வந்து குந்திகினு, நான் புடிச்சுக்கிறேன் நீ போன்னு கை காட்டிச்சே. தலையில சும்மாடு கட்டிகினு, மீன் விக்கிற அம்மா. உங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு நெனச்சேன்."

எங்களுக்கு அப்படி யாரையும் தெரியாது. கபாலி மட்கார்டை உள்ளங்கையால் தடவிப் பார்த்தான். பள்ளம் இருந்த இடம் தெரியவில்லை. கட்டை பிடிக்காமல் தகடு இப்படி வராது சார் என்றான். டீயைக் குடிக்காமல் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு போனவன்தான், அதற்கப்புறம் வரவில்லை.

நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே மேடவாக்கம் போனேன். அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன், சும்மாடு வரைக்கும். அண்ணியை உள்ளே போகச் சொன்னார். பேப்பரை மடித்து வைத்தார். பிறகு சொன்னார், பல வருடம் முன்னால் விடியற்காலையில் கோவளம் பக்கமிருந்து தனியாக வந்துகொண்டிருந்தாராம், ரோட்டோரம் கூடையோடு ஒரு பொம்பளை.

"கண்ணாடியில பாத்தேன்டா. எழுந்து நின்னா. அதான் நான் நிறுத்தல."

அவள் எழுந்து நின்றாளா, அப்படி நினைத்துக்கொண்டு இத்தனை வருடம் இவர் தூங்கினாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. காரை இரும்புக்குப் போட்டுவிடு என்றார். போட்டேன். போலீசுக்குப் போகவில்லை. அந்தக் கடலோரத்து ஊர்களில் ஒன்றுக்காவது போய், அந்த நாளில் வீடு திரும்பாத அம்மா யார் என்று கேட்கவில்லை. வருடா வருடம் திருவிழாவில் அவருக்கு முதல் மரியாதை செய்தார்கள், நானும் பின்னால் நின்று திருநீறு வாங்கிக்கொண்டேன். அவர் செத்தபோது நல்ல மனிதர் என்று தெருவெல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள். கிழிக்கவா முடிந்தது?

அன்று நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, "அவ ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

அது பொய். மட்கார்டுக்கு அடியில் படுத்துத் தட்டிக்கொண்டிருந்தபோது, கபாலி என்று நினைத்து நான் ஒன்று கேட்டேன், கை வலிக்குதா என்று. பதில் வந்தது. ஆண் குரலா பெண் குரலா, அது எனக்கு ஞாபகம் வரமாட்டேன் என்கிறது. சொன்னது மட்டும் அப்படியே இருக்கிறது.

"இப்ப வலிக்கல. நீ அடி."