ரஷ்யப் பாட்டுக்குச் சித்தி சொன்ன அர்த்தம்

ரஷ்யாவில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த சித்தி, லீவுக்கு வரும்போது கூடப் படிக்கும் ரஷ்யாக்காரி ஒருத்தியையும் அழைத்து வருகிறாள் என்றதும், மாரிகுப்பத்தில் சுரங்கத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த எங்கள் லைன் முழுக்க அதே பேச்சாகிவிட்டது. பூனைக்கண்ணும் பொன்னிற முடியுமாக ஒருத்தியைக் காட்டுவதாக என் மூன்றாம் வகுப்புத் தோழிகளுக்கெல்லாம் நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

ரயிலிலிருந்து இறங்கியவளைப் பார்த்துவிட்டு, பின்னால் வேறு யாராவது இறங்குகிறார்களா என்று தேடினேன். கறுப்பு முடி, சின்னக் கண்கள். பெங்களூரு பார்லர்களில் வேலை செய்யும் மணிப்பூர் அக்காக்களைப் போலவே இருந்தாள்.

"இதுவா ரஷ்யாக்காரி?" என்று அம்மா சித்தியின் காதைக் கடித்தாள்.

"இன்னாக்கா நீ. நம்மள வேலூர் போனா கன்னடக்காரங்கன்றாங்க, பெங்களூர் போனா தமிழுன்றாங்க. இவ அங்கயே பொறந்தவதான், இவளையும் அவங்க ஊர்ல அப்படித்தான் கேக்கறாங்க" என்றாள் சித்தி.

எனக்கு அதெல்லாம் ஏறவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் பொய்க்காரியானதுதான் மிச்சம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேலூரிலிருந்து சித்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். அப்பாவின் ஏற்பாடு. சித்தியை யாரும் கேட்கவில்லை. படிப்பு முடிந்ததும் கல்யாணம், வேலைக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதை மாப்பிள்ளை வீடு பார்த்துக்கொள்ளும் என்று பேச்சு நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு அவங்க ஊரு பாட்டு ஒண்ணு பாடட்டுமே" என்றார்.

அவள் கூச்சப்படாமல் எழுந்து நின்றாள். அது சினிமாப் பாட்டு இல்லையாம், அங்கே அப்போது பெண்பிள்ளைகள் எல்லாரும் பாடிக்கொண்டிருந்த பாட்டாம். தாலாட்டுப்போல ஆரம்பித்தவள், திடீரென்று தரையை மிதித்து, சண்டைக்கு நிற்பவளைப்போல அடித்தொண்டையில் பாடினாள். நான் அம்மாவின் முந்தானைக்குள் போய்விட்டேன். மாப்பிள்ளையின் அப்பா காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

"இன்னாம்மா அர்த்தம்?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

சித்தி தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு, தயங்கித் தயங்கிச் சொன்னாள். "என் மூஞ்சியப் பாத்து எந்த ஊருன்னு கேக்காத. இது எனக்கும் ஊருதான்." கொஞ்சம் நிறுத்தினாள். "நான் படிச்ச படிப்பு என்னோடது. வேலைக்குப் போவேன். என்னைக் கேக்காம என் கல்யாணத்தப் பேசாதீங்க."

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது.

"பாட்டுலயா இப்படி வருது?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"ஆமாங்க. அங்க பொம்பளைங்க பாட்டு அப்படித்தாங்க."

அவர்கள் தாம்பூலம் எடுக்காமலே கிளம்பினார்கள். அம்மா அடுப்பங்கரையில் அழுதாள். சித்தியின் கல்யாணத்தைக் கெடுத்தவள் என்று, ஊருக்குக் கிளம்பும்வரை நான் அந்த ரஷ்யாக்காரியோடு பேசவில்லை. அவள் கொடுத்த சாக்லேட்டையும் தொடவில்லை.

இப்போது நான் தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறேன். போன மாதம் போனில் அந்தப் பாட்டு அகப்பட்டது, கீழே ஆங்கிலத்தில் அர்த்தத்தோடு. முகத்தைப் பற்றி வருகிறது. ஊரைப் பற்றி வருகிறது. படிப்பு, வேலை, கல்யாணம் எதுவும் இல்லை. ரயில் பங்காருப்பேட்டை ஸ்டேஷனைத் தாண்டும்வரை திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

அன்று சித்தி அவ்வளவு தயங்கியதைப் பார்த்து, ரஷ்ய மொழி ரொம்பக் கஷ்டம் போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன்.