ரெண்டு செவப்பு ஷீட்டு

எங்க வீட்டுக்காரரு பக்கவாதம் வந்து கட்டில்ல விழுந்து ஒரு வருசம் ஆகப்போகுது. ராஜபாளையத்து மில்லுல பிட்டரா ஓடியாடி வேல பாத்தவிய. இப்ப வலது கையும் காலும் விளங்காது, பேச்சும் மெள்ளத்தான் வரும். சுகர் வேற, கண்ணுல பாதியத் தின்னுட்டு. ரெண்டு வேளையும் இன்சுலின் ஊசி, ரெண்டு வேளையும் சப்பாத்தி. ஊசியப் போட்டுட்டா ஆகாரம் உள்ள போயே ஆகணும், இல்லாட்டி சுகர் இறங்கி ஆளே போயிரும்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லிருந்தாரு.

அவியளப் பொரட்டிப் படுக்கவச்சே என் தோள்பட்ட போச்சு. சப்பாத்திக் கட்டைய அழுத்துனா பலகை ஒரு பக்கம் ஓடும், மாவு ஒரு பக்கம் ஒட்டும். வார ஆத்திரத்துக்கு எல்லாத்தையும் தூக்கித் தெருவுல எறியலாம்னு இருக்கும். என் தங்கச்சிக்கு சீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துல வீடு. பாக்க வந்தவ நான் படுத பாட்டப் பாத்துட்டு, மறுவாரமே ஒரு சிலிக்கான் மேட் கொண்டாந்து குடுத்தா. மேடையில விரிச்சா அசையாது, மாவு ஒட்டாது, ஒத்தக் கையாலயே தேய்ச்சிரலாம். அளவுக்கு வட்டம் வட்டமா கோடு வேற. நல்ல செவப்பு. உள்ளதச் சொன்னா, அந்த வருசம் எனக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

அதுல தேய்ச்சத ஒரு வாரம் அவிய ஒழுங்காச் சாப்பிட்டாவ. பொறவு, ஊட்ட வேணாம், நானே தின்னுக்கிடுதேன், நீ போய் வேலயப் பாருன்னு இடது கையால தட்ட வாங்கி வச்சுக்கிட்டாவ. செத்த நேரங்கழிச்சுப் போனா தட்டு காலியா இருக்கும். மனுசன் தேறிட்டாருன்னு தங்கச்சிக்குப் போன் போட்டுப் பீத்திக்கிட்டேன்.

மூணாம் நாள் காலையில போய்ப் பாத்தா, உடம்பெல்லாம் தொப்பலா வேர்த்து, கை வெடவெடன்னு ஆடுது. கூப்பிட்டா பதில் இல்ல. சீனியக் கரைச்சு ஸ்பூன் ஸ்பூனா வாயில விட்டேன். எல்லா சாமியையும் கூப்பிட்டேன், திட்டவும் செஞ்சேன். ஒருவழியா முழி திரும்புச்சு. நிமித்தி உக்கார வைக்கலாம்னு தலகாணிய இழுத்தா, அடியில துண்டு துண்டா சப்பாத்தி. ரெண்டு நாளுது, காஞ்சு வறட்டி மாதிரி.

தரையிலயே உக்காந்துட்டேன்.

"சாகணும்னு முடிவு பண்ணியாச்சா? ஊசிய நான் போடுதேன், சோத்த நீங்க ஒளிக்கிறீங்க. அப்பக் கொன்னது நான்னுதான ஆகும்?"

அவிய சன்னலப் பாத்துக் கைய நீட்டுனாவ. "அந்த ரப்பர் ஷீட்டுல உருட்டாத ஏட்டி."

எனக்கு மொதல்ல வெளங்கல. அவியளுக்குக் கீழ விரிக்கிற ரப்பர் ஷீட்டு ரெண்டு உண்டு. மூத்திரத்துல நனைஞ்சத உருவி அலசி, கொல்லக் கொடியில போடுவேன். அதுவும் செவப்பு. மேட்டயும் கழுவி அதே கொடியிலதான் போட்டேன், புத்திகெட்ட கோட்டிக்காரி. கட்டில்ல இருந்து பாத்தா கொடி தெரியும், அடுப்படி மேடையும் தெரியும். அந்தக் கண்ணுக்குக் கோடா தெரியும், வட்டமா தெரியும்? கொடியில ஒரு செவப்பு, மேடையில ஒரு செவப்பு, அம்புட்டுதான்.

ஓடிப்போய் மேட்ட எடுத்தாந்து மடியில போட்டேன். தடவிப் பாத்தாவ, மோந்தும் பாத்தாவ. இது வேறயான்னு கேட்டாவ. வேறதான்னு சொல்லி முடிக்குமுன்ன எனக்குச் சிரிப்பு வந்துட்டு. சிரிச்சுக்கிட்டே கேட்டேன், மொத ஒரு வாரம் தின்னீங்களே, அப்பக் கண்ணுல படலியான்னு.

"பட்டுச்சு."

"தெரிஞ்சேவா தின்னீங்க?"

"நீயும் எம்புட்டுதான் செய்வ. இதயும் ஒரு கொறன்னு சொல்லவா? மூச்சப் பிடிச்சு முழுங்கிப் பாத்தேன். பொறவு எறங்கல."

என் வாய் பொல்லாத வாய்தான். அலுப்புல என்னென்னமோ பேசிருக்கேன், இல்லங்கல. ஆனா முப்பது வருசம் எங்கையால தின்னவிய, மூத்திர ஷீட்ட விரிச்சு நான் சோறு ஆக்குவேன்னு நம்பிட்டாவளே. நம்பிட்டு, ஒரு வாரம் தின்னும் இருக்காவளே.