மாமாவுக்கு ஒரு அறை

பினாங்கு போகிற குளத்தூர் மாமாவை வழியனுப்ப இன்று நாகப்பட்டினத்தில் கப்பலுக்குள் போனேன்.

மாமாவுக்கு டெக் டிக்கெட். கட்டில் கிடையாது, முதலில் பாய் விரித்தவருக்கே இடம். காற்று வரும் ஓரமாகப் பார்த்து விரித்திருந்தார்.

நான் மேலே போய், மெத்தை போட்ட கேபின்களைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தேன்.

"மாமா, மேல போனா ஒங்களுக்கு ஒரு அறை கெடைக்கும்."

கேட்டால், கன்னத்தில் விழுகிற அறையைத்தான் சொன்னேன் என்று சிரிப்பதாகத் திட்டம்.

அவர் நம்பிப் பாயைச் சுருட்டிக்கொண்டு ஏறிவிட்டார். சிப்பந்தி விரட்ட, திரும்பி வந்தால் அவர் இடத்தில் வேறொருவர் படுத்திருந்தார். மிச்சம் இருந்தது எஞ்சின் சூடு அடிக்கும் மூலைதான். ஒரு வாரப் பயணம்.

"பரவால்ல மாப்ளே, அங்கிட்டு குளிராது" என்றார்.

அந்த அறையை அவர் எனக்கே கொடுத்திருக்கலாம். அவருக்குப் பதிலாகக் கொடுக்க யார் வருகிறீர்கள்? கன்னம் தயாராக இருக்கிறது.