அரை மில்லி அம்பியர்

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு கறுப்பு சுவிட்ச் இருந்தது. அதைத் தாண்டும்போதெல்லாம் நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வேன். இரவு வாப்பா இஷா தொழுதுவிட்டு வந்து அதைப் போடுவார். விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வந்து அணைப்பார். இடைப்பட்ட நேரத்தில் வீட்டுக் கரண்ட், பின்பக்கச் சோளத் தோட்டத்தைச் சுற்றிக் கட்டிய வெறும் கம்பியில் ஓடும். எல்லாம் காட்டுப் பன்றிக்காக. அது சட்டப்படி குற்றம் என்பது வாப்பாவுக்கும் தெரியும். பலாபத்வலைப் பக்கம் அப்படிக் கம்பி கட்டியவர் அவர் ஒருவர் மட்டுமல்ல என்பதும் தெரியும்.

பன்றி செத்து விழுந்தால் நாங்கள் அதைத் தொடக்கூட மாட்டோம். எடுத்துப் போகும்படி பக்கத்து வளவுச் சிங்கள மாத்தயாவிடம் வாப்பா முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். ஆனால் விழுந்தது அந்த மாத்தயாவின் நாய்தான். அவர் அதைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார். வாப்பா கம்பியை இரண்டடி உள்ளே தள்ளிக் கட்டினார், அவ்வளவுதான். நான்தான் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

காரணம் என் தம்பி. ஐந்து வயது, இன்னும் பாடசாலையில் சேர்க்கவில்லை, ஓர் இடத்தில் இருக்க மாட்டான். விடிந்ததும் பன்றி விழுந்திருக்கிறதா என்று பார்க்கத் தோட்டத்துக்கு ஓடுவான். வாப்பா மரக்கறி லொறியில் தம்புள்ளைச் சந்தைக்குப் போகும் நாட்கள்தான் படுமோசம். சுபஹுக்கு முன்பே கிளம்பிவிடுவார், மத்தியானம்தான் திரும்புவார். அதுவரை கம்பியில் கரண்ட் இருக்கும். ஷாக் அடித்துவிடும் என்று அந்தச் சுவிட்சை வேறு யாரையும் அவர் தொட விடவில்லை. தோட்டம் முழுக்கக் கரண்டை ஓட விட்ட மனிதருக்கு இருந்த பயத்தைப் பாருங்கள்.

அப்போது நான் ஒன்பதாம் ஆண்டு. விஞ்ஞானம் படிப்பித்த டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். வோல்ட்டை அம்பியரால் வகுத்தால் தடை, பெருக்கினால் வலு. இருநூற்று முப்பது வோல்ட்டில் நான்கு அம்பியர் இழுக்கும் அயன் பெட்டிக்கு வலு தொள்ளாயிரத்து இருபது வாட், தடை ஐம்பத்தேழரை ஓம். தடை தெரிந்தால் எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்றும் கண்டுபிடிக்கலாம். மனித உடம்புக்கு முப்பது மில்லி அம்பியரே ஆபத்து என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு டீச்சர் அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். நான் போகவில்லை.

அன்று பின்னேரம் வாப்பாவின் மீட்டரை எடுத்தேன். கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்க்க அவர் சந்தையில் வாங்கியது, ஓமும் காட்டும். தம்பிக்கு ஒரு டொபி கொடுத்து, இரண்டு கையிலும் மீட்டரின் முனைகளைப் பிடிக்க வைத்தேன். நாலு லட்சத்து அறுபதாயிரம் ஓம். இருநூற்று முப்பதை அதனால் வகுத்தேன். வெறும் அரை மில்லி அம்பியர். மூன்று தடவை வகுத்தும் அதேதான் வந்தது. அப்பாடா என்று இருந்தது. மாதக்கணக்கில் நெஞ்சில் கிடந்த பாரம் ஒரே கணக்கில் இறங்கிவிட்டது.

சாப்பிடும்போது வாப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

“வாப்பா, அந்தக் கம்பி ஆளக் கொல்லாது. நான் மீட்டரால கைய அளந்து கணக்குப் போட்டுப் பாத்தேன்.”

பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

“யாருட கைய அளந்தீங்க மகள்?”

“தம்பிடதான்.”

அவர் பாதிச் சோற்றோடு எழுந்து கையைக் கழுவினார். பாராட்டுவார் என்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு முகம் வாடிவிட்டது.

மறுநாள் தம்புள்ளை நாள். நான் எழும்பும்போது வாப்பா வீட்டில் இல்லை. பாடசாலைக்குக் கிளம்பும்போது, பாயில் புரண்டுகொண்டிருந்த தம்பியிடம், இனிப் பயமில்லை, கம்பியில் கை பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். சொன்னது நான்தான், இதே வாயால். அன்றுதான் முதல் தடவையாகத் தோட்டப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் போனேன்.

இரண்டாம் பாடத்தில் கணக்கை டீச்சரிடம் காட்டினேன். எங்கள் கம்பி என்று சொல்லவில்லை. ஒரு கம்பி, ஒரு பிள்ளை என்று மட்டும் எழுதியிருந்தேன். அவர் கொப்பியை வாங்கி, கணக்கை ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டுக்கொண்டு வந்தார்.

“ஈரக் கையோட அளந்து பாத்தனீரோ, பிள்ளை?”

இல்லை என்றேன். காய்ந்த தோலைச் சின்ன பற்றறியால் அளந்தால் தடை அப்படித்தான் பெரிதாகத் தெரியும், நனைந்த உடம்போடு சேற்றில் வெறுங்காலுடன் நின்றால் ஆயிரம் ஓம்கூட மிஞ்சாது என்றார். ஆயிரத்தால் வகுத்துப் பார்த்தேன். இருநூற்று முப்பது மில்லி அம்பியர். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

யாரிடமும் கேட்கவில்லை. பாடசாலைக் கேட்டைத் தாண்டி வீட்டுக்கு ஓடினேன். ஒரு செருப்பு வழியிலேயே போயிற்று. யா அல்லாஹ், அவன் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கட்டும், காய்ச்சல் வந்து படுத்தாவது கிடக்கட்டும் என்று அழுதுகொண்டே ஓடினேன். சாக்கில் சுற்றிய நாய்தான் கண்ணுக்குள் நின்றது. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்த நாள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

தம்பி தோட்டத்தில் நடுச் சேற்றில் நின்றான். உயிரோடு நின்றான். பக்கத்தில் வாப்பா கடைசிக் கட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். கம்பி முழுவதும் சுருட்டி ஓரமாகக் கிடந்தது. அவர் தம்புள்ளைக்குப் போகவே இல்லை. நான் தம்பியை ஓங்கி ஓர் அறை விட்டு, பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

மூச்சு வந்ததும், ஈரக் கைக்குத் தடை குறையும் என்பது வாப்பாவுக்கு முன்பே தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். அப்படியென்றால் ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டபோது அவர் கம்பிச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். அந்தப் போகத்துச் சோளத்தைப் பன்றிகள் ஒரு கதிர் விடாமல் தின்றுவிட்டுப் போயின. நான் வெகுநாள் வரை என் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாத ஏதோ ஒரு சூத்திரத்தை வைத்து வாப்பா கணக்குப் போட்டிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் என் விடையைக் காதில் வாங்கவே இல்லை, அளந்தது தன் மகனின் கை என்பது மட்டும்தான் அவருக்குக் கேட்டது என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.