வீட்டோடு சேர்ந்தவை

எந்தப் பக்கம் கொடுத்தாலும் பேசி வெல்வேன் என்று பத்து வயதிலேயே அறிவித்தவள் நான். பேச்சுப் போட்டிக் கோப்பைகள் ஐந்து அதற்குச் சாட்சியாக அலமாரியில் நின்றன. ஆனால் என் முதல் பெரிய வழக்கு மேடையில் நடக்கவில்லை. சாந்தோமில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது.

திருவான்மியூரில் அடுக்குமாடி வீடு வாங்குவதற்காக அப்பா அந்தப் பழைய வீட்டை விற்க முடிவு செய்திருந்தார். சுற்றுச்சுவரில், தெருவைப் பார்த்தபடி, குகை போலக் குடைந்த ஒரு சிறு கெபி. அதற்குள் முழங்கை உயர மாதா சுரூபம். அம்மா திருமணமாகி வந்தபோது பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. குப்பத்திலிருந்து வரும் மீன்கார அக்கா தினமும் அங்கே கூடையை இறக்கி, மெழுகுவர்த்தி ஏற்றிய பிறகுதான் முதல் மீனை விற்பார்.

"இன்னா பாப்பா, மாதாவையும் இட்டுக்கினு போறீங்களாமே?"

"ஆமா. அது எங்க மாதா."

"அப்ப நான் யாராண்ட சொல்லிட்டு வியாபாரத்துக்குப் போறது?"

அம்மா சுவருக்கு உள்ளே துணி உலர்த்திக்கொண்டு நின்றார். கெபிப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

அந்த வாரம் கிரயப் பத்திரத்தின் வரைவு வந்தது. அதில் 'அப்பர்டினன்ஸஸ்' என்றொரு சொல் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்த்த மாமாவிடம் பொருள் கேட்டேன்.

"வெள்ளைக்காரன் காலத்து வார்த்தை. கிணறு, கேட்டு, தண்ணி போற வழி, நடக்கிற உரிமை, எதையும் தனித்தனியா எழுத வேணாம். வீட்டோட சேர்ந்ததெல்லாம் வீட்டோடயே போயிடும்."

"மாதா?"

"சும்மா நிக்குதா, சிமெண்ட் வெச்சுப் பூசியிருக்கா?"

"சும்மாதான். போன மாசம்கூட எடுத்துத் துடைச்சோம்."

"அப்ப உங்களோடது."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல் கேட்டார்: "பூசியிருந்தா?"

"பூசியிருந்தா வீட்டோட."

எனக்கு அது போதும். மாதாவை மீட்பது என் கடமை என உறுதி பூண்டேன். அலமாரிக் கண்ணாடியின் முன் நான்கு நாள் பயிற்சி நடந்தது. ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் திரும்பியபோது, வீட்டை வாங்கப் போகும் ஆன்ட்டி அளவு பார்க்க வந்திருந்தார். அவரைக் கெபியின் முன் நிறுத்தினேன். அந்தச் சொல்லின் பொருளை விளக்கினேன். பூசப்பட்டது வீட்டுக்கு, பூசப்படாதது உரியவருக்கு என்று விதி வகுத்தேன். ஆகவே மாதா எங்களுக்கே என்று கையை உயர்த்தி முடித்தேன்.

"எடுத்துக்கோ கண்ணு. நான் கேக்கவே இல்லையே," என்றார் ஆன்ட்டி.

எதிர்த்தரப்பே இல்லாத வெற்றி சற்றுச் சுவை குறைவுதான். அப்பா இரு கைகளாலும் சுரூபத்தைத் தூக்கினார். அசையவில்லை. குனிந்து பார்த்தார். அடியைச் சுற்றிலும் சிமெண்ட்.

"வக்கீலம்மா, உங்க வாதத்தாலயே உங்க கேஸ் போச்சே," என்று, பூசைக்கு எங்களோடு வந்திருந்த மாமா சிரித்தார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வகுத்த விதியை மேடையிலேயே மாற்றுபவள் பேச்சாளர் ஆகமாட்டாள். நிமிர்ந்து நின்று சொன்னேன்: "அப்ப மாதா வீட்டோட. ஆன்ட்டிக்குத்தான்."

அம்மா அப்போது கேட்டார்: "காலையில ஒருத்தங்க வந்து மெழுகுவர்த்தி ஏத்துவாங்க. அந்த உரிமையும் வீட்டோட போகும்தானே, பாப்பா?"

நடக்கும் உரிமை போகுமென்றால் இதுவும் போகத்தானே வேண்டும்? போகும் என்று தீர்ப்பளித்தேன்.

ஆன்ட்டி கெபியில் உருகிக் கிடந்த மெழுகைத் தொட்டுப் பார்த்தார். "வந்து ஏத்தட்டும். நான் இதை இடிக்க மாட்டேன்," என்றார்.

அன்று மதியம் தோற்ற துக்கத்தில் சாப்பிட மறுத்தேன். அம்மா சோறு பிசைந்து ஊட்ட வந்தார். அவர் விரல் நுனிகள் வெடித்துத் தோல் உரிந்திருந்தன. நகக்கண்களில் சாம்பல் நிறமாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. வீட்டைக் காலி செய்யும் வேலையில் பட்ட அழுக்கு என்று நினைத்தேன்.

கையை நன்றாகக் கழுவிவிட்டு வரும்படி அம்மாவை அதட்டினேன்.